சிரிப்பு முடிகிற இடத்தில் ஒரு தாலி

(தேவாரத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய திரைப்பட உரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



அழவைக்கிற சினிமா அம்மாக்களைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. நான் சிரிக்கவைக்கிற குடும்பப் படங்களைப் பற்றிப் பேசுகிறேன். ஆண் துணையில்லாமல் பிள்ளை வளர்க்கிற பொம்பளையை அந்தப் படங்கள் என்ன செய்கின்றன? அழுகைப் படம் என்றால் கொஞ்சம் உஷாராக உட்கார்ந்திருப்போம். சிரிக்கும்போது உஷார் போய்விடுகிறது. சாதியும் ஆணாதிக்கமும் உள்ளே நுழைய அதுதான் தோதான நேரம்.

1981இல் பாக்யராஜின் 'மௌன கீதங்கள்'. கணவனின் துரோகம் தெரிந்து சரிதா பிரிந்துவிடுகிறார். வேலை பார்க்கிறார், பையனை வளர்க்கிறார். அந்தப் பையனின் சேட்டைக்குச் சிரித்துக்கொண்டே நாம் எதற்குக் காத்திருக்கிறோம்? அவர் எப்போது மன்னிப்பார் என்பதற்கு. தப்புப் பண்ணியவன் அவன். பரீட்சை எழுதுகிறவள் இவள்.

அதே பாக்யராஜ் 1983இல் 'முந்தானை முடிச்சு' எடுத்தார். மனைவியை இழந்த வாத்தியார் கைக்குழந்தையோடு ஊருக்கு வருகிறார். ஆண் தனியாகப் பிள்ளை வளர்த்தால், ஒரு பெண் குழந்தையைத் தாண்டிப் பொய்ச் சத்தியம் செய்தாவது அவனைக் கட்டிக்கொள்கிறாள். நல்ல தாயாக இருப்பேன் என்று நிரூபிக்க, கருத்தடை ஆபரேஷனுக்கே போகிறாள். கைக்குழந்தையோடு வரும் விதவைக்கு இப்படி ஒரு கதை யாராவது எழுதினார்களா?

அடுத்து 1996, 'அவ்வை சண்முகி'. 1993இல் வந்த அமெரிக்கப் படமான 'மிசஸ் டவுட்ஃபயர்' தான் மூலம். அந்தப் படம் முடியும்போதும் அப்பா அம்மா பிரிந்துதான் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இருவருமே கிடைக்கிறார்கள். தமிழில் அது முடியாது. ஜானகி கணவனிடமே திரும்ப வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வீட்டுக்குள் நுழையக் கணவன் பார்ப்பன மாமியாக வேண்டும். முஸ்லிம் சமையல்காரர் ஊமைப் பார்ப்பனராக வேண்டும். யாரை உள்ளே விடலாம் என்கிற தீண்டாமை விதிதான் அங்கே நகைச்சுவை.

2004இல் 'எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி' வந்தது. பையனைத் தனியாக வளர்த்து ஆளாக்கிய அம்மா பாதிப் படத்தில் செத்துப்போகிறார். பையன் மலேசியாவில் இருக்கும் அப்பனிடம் போக வேண்டுமே!

ஆக, ஒன்று அவள் திரும்ப வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும். இது யாருடைய ஒழுக்கம்? 1949இல் இந்துச் சட்ட மசோதா விவாதத்தில் அம்பேத்கர் இதைத்தான் போட்டு உடைத்தார். இந்துக்களில் தொண்ணூறு விழுக்காடாக இருக்கும் சூத்திரர்களிடம் மணவிலக்கு வழக்கத்திலேயே இருக்கிறது. மிச்சமிருக்கிற பத்துப் பேரின் விதியை எல்லார் தலையிலும் கட்டலாமா என்பது அவர் வாதம். அந்த மசோதா முடக்கப்பட்டதும் ஒரு காரணமாக 1951இல் மந்திரி பதவியை விட்டார். நம் சேரிகளிலும் 'தீர்த்துவிடுறது', 'அறுத்துக்கட்டுறது' என்ற சொற்கள் புழக்கத்தில் இருந்தவைதான். 'வாழாவெட்டி' என்ற சொல்லைத்தான் சினிமா எடுத்துக்கொண்டது.

அதற்காக நம் பெண்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. விடியுமுன்னே தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, போடிமெட்டு ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறார்கள். இருட்டித் திரும்பினால் அடுப்பு, பிள்ளை, வட்டிக்காரன். நான் வங்கியில் கிளார்க். கணக்குத் தொடங்க வந்த ஓர் அக்காவிடம் படிவத்தைப் பார்த்துக் கணவர் பெயர் கேட்டேன். "அவன் போயி பத்து வருசமாச்சு சார். காசு போடப் போறது நானு, அவன் பேரு எதுக்கு?" என்றார். பின்னால் வரிசையில் நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் கைம்பெண்ணையும் தனித்து வாழும் பெண்ணையும் குடும்பத் தலைவி என்று ஏற்றுக்கொண்டது. அரசாங்கத்துக் காகிதம் ஏறிய படியைக்கூட நம் சினிமா ஏறவில்லை.

விலக்காக ஒன்று உண்டு: 2016இல் வந்த 'அம்மா கணக்கு'. 'நில் பட்டே சன்னாட்டா' என்ற இந்திப் படத்தின் மறுஆக்கம். வீட்டு வேலை செய்யும் அமலா பால், மகள் படிக்கும் பத்தாம் வகுப்பிலேயே போய்ச் சேர்கிறார். சிரிக்கவும் முடிகிறது, அவருக்குப் புருஷன் தேடவும் இல்லை. அதற்காகவே அந்தப் படத்தை மதிக்கலாம். ஆனால் வேலைக்காரி மகள் வேலைக்காரியாவது ஏன் என்ற கேள்விக்கு, கணக்கில் மார்க் வாங்கு என்பதுதான் பதில். அவர்களுக்குச் சாதியே கிடையாது. எந்தத் தெருவில் பிறந்தவர்கள் அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் தேய்க்கிறார்கள் என்று கேட்டிருந்தால் சிரிப்பு தொண்டையில் சிக்கியிருக்கும்.

பாமாவின் 'சங்கதி' 1994லேயே வழி காட்டியது. தலித் பெண்களின் கேலியும் வசவும் அதில் ஆயுதமாக இருக்கின்றன. இங்கே கேமரா பழகுகிற பிள்ளைகள் இருக்கிறீர்கள். உங்களில் பலரை அம்மா ஒருத்தியே வளர்த்திருப்பார். பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் கேட்டபோது யார் சிரித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒருநாள் அந்த ஜீப்பில் ஏறுங்கள். மெட்டு ஏறுகிற வரைக்கும் அவர்கள் யாரை, எதைக் கேலி பண்ணிக்கொண்டு போகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் முதல் படத்தை அங்கிருந்து எடுங்கள்.

ஜெய் பீம்.