பச்சைச் சாக்பீஸ்

நடுவர் அவர்களே! எதிரணிப் பேராசிரியர் அம்மா அடித்துச் சொன்னாங்க: "பயணம் இனிக்கப் பணம் இருந்தாப் போதும், திட்டம் எதுக்கு?" என்று. நான் ஒரு ஆளைக் காட்டுறேன்.

எங்க திருநகர்ப் பக்கம் ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார் ஒருவர். முப்பத்து நாலு வருஷம், வடதுருவத்தில் ராத்திரி வானத்தில் ஆடும் ஒளியைக் கரும்பலகையில் பச்சைச் சாக்பீஸால் வரைந்து காட்டியவர். நேரில் பார்த்ததில்லை. ஜெர்மனியில் இருக்கிற மகன் போன் பண்ணினான்: "அப்பா, நார்வேயில் ட்ரோம்சோவுக்குப் போய் உங்க பச்சை வெளிச்சத்தைப் பார்ப்போம். ஜூன் கடைசியில் பிள்ளைகளுக்கு லீவு. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, டிக்கெட் போடுறேன்."

பணம் இருக்கு, பாசமும் இருக்கு. ஆனா அந்த ஊர்ல மே 20 வாக்கில் மேலே ஏறின சூரியன் ஜூலை 22 வாக்கில்தான் இறங்கும்! ராத்திரியே இல்லாத ஊர்ல ராத்திரி வெளிச்சத்தை எங்கேய்யா பார்ப்பது? லட்ச லட்சமாக் கொட்டி வெயில் காயவா போகணும்? அதுக்கு நம்ம மாட்டுத்தாவணி போதாதா! (சிரிப்பு)

வாத்தியார் சொன்னார்: "செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரைதாண்டா. இருட்டு வேணும். மேகம் மூடினாப் போச்சு. அதனால அஞ்சு ராத்திரி தங்கணும். பௌர்ணமி கூடாது." பாருங்க, நாம பௌர்ணமி பார்த்து அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போறவங்க. அங்கே அமாவாசை பார்த்துப் போகணும்!

மகன் மடக்கினான்: "2024 மே மாதம் லடாக்கிலேயே தெரிஞ்சதேப்பா?" உண்மைதான். மே 10 இரவு, விடிந்தால் 11. ஹான்லே வானாய்வகக் கேமராவில் வானம் சிவந்து பதிவானது. ஆனா அது 2003க்குப் பிறகு வராத பெரிய சூரியப் புயல். சூரியனிலிருந்து சீறி வரும் துகள்களைப் பூமியின் காந்தம் துருவப் பக்கம் இழுத்துவிடுகிறது. அவை ஆக்சிஜனில் மோதினால் நூறு கிலோமீட்டர் சொச்சம் உயரத்தில் பச்சை; இருநூறுக்கு மேலே சிவப்பு. தூரத்து வயலில் நின்று பார்த்தால் மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தின் நுனி மட்டும் தெரியுமே, அப்படி லடாக்கில் தெரிந்தது அந்த மேல் சிவப்பு மட்டும். அடுத்த புயல் எப்போ வரும்னு பஞ்சாங்கத்தில் போட்டிருக்கா?

(சூரியனை ஆராயக் கொடைக்கானலில் 1899லேயே ஆய்வகம் தொடங்கியாச்சு. நாம ஏரியில் படகு விட்டுட்டு இறங்கி வந்துடுறோம்!)

பயணம் பிப்ரவரிக்கு மாறியது. பள்ளிக்கூடம் இருந்ததால் பேரப் பிள்ளைகள் வரவில்லை. அதில் அந்தம்மாவுக்கு வருத்தம். முட்டி வலியோடு போய் நின்றார்கள். முதல் ராத்திரி மேகம். ரெண்டாவது, மூணாவது, நாலாவது... மேகம், மேகம், மேகம். அஞ்சாவது ராத்திரி வானம் திறந்தது. அந்தம்மா கேட்டாங்களாம்: "ஏங்க, இத்தனை வருஷம் சட்டையெல்லாம் பச்சையாக்கிட்டு வந்தது இதுக்குத்தானா?" (கைதட்டல்) வாத்தியார் வாயே திறக்கவில்லையாம்.

நடுவர் அவர்களே, ஜூன் மாத டிக்கெட்டில் அந்த அஞ்சாவது ராத்திரி எங்கே இருந்தது? எதிரணி அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்க.