குத்திய கை யாருடையது?



பச்சை குத்திக்கொண்ட யூதரை யூதக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கமாட்டார்கள் என்றொரு பேச்சு உண்டு. யூதர்களிலேயே பலர் அதை நம்புகிறார்கள். சமயச் சட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லை. தடை உண்டு, அந்தத் தண்டனைதான் கிடையாது.

தடை இருப்பது விவிலியத்தின் லேவியராகமம் 19:28இல். இறந்தவருக்காக உடலைக் கீறிக்கொள்வதையும் மேனியில் எழுத்துப் பொறிப்பதையும் அந்த வசனம் சேர்த்தே விலக்குகிறது. காரணம் சொல்லவில்லை. பிற சமயத்தார் தம் தெய்வத்துக்கு அடிமை என்று காட்டத் தம்மேல் குறியிட்டுக்கொண்டார்கள், அந்த வழக்கம் வேண்டாம் என்பது 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் தந்த விளக்கம். அவருக்கு வெகுகாலம் முன்பே பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, கீறலும் மையும் சேர்ந்தால்தான் குற்றம் என்று வரையறுத்திருந்தது. யோசேப் காரோ தொகுத்து 1565இல் வெனிஸில் அச்சான ‘ஷுல்கான் ஆரூக்’ என்ற சமயச் சட்ட நூலில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு வரையறை: ஒருவன் மேனியில் இன்னொருவன் குத்திவிட்டால், உடன்பட்டுத் துணைபோகாதவரை, குத்தப்பட்டவன் மேல் குற்றமில்லை.

அந்த விதிக்கு 20ஆம் நூற்றாண்டில் இப்படியொரு வேலை வரும் என்று அதை எழுதியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

நாஜி முகாம்களில் கைதிகளுக்கு எண் குத்தியது ஆஷ்விட்ஸ் முகாம்களில் மட்டுமே. 1941இல் சோவியத் போர்க்கைதிகளிடம் தொடங்கினார்கள். ஊசிகள் பதித்த உலோக அச்சால் நெஞ்சில் அழுத்தினார்கள். உடையைக் கழற்றிய பிணங்களை அடையாளம் காண முடியவில்லை என்பதுதான் காரணம். வெறும் அலுவலகக் கணக்கு! பிறகு யூதர்களுக்கு, ஒற்றை ஊசியால், இடது முன்கையில். அங்கே பதிவான எண்கள் 4 லட்சத்துக்கும் மேல். ரயிலிலிருந்து இறங்கியதும் நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு எண்ணே இல்லை. 1944இல் அங்கு வந்த இத்தாலிய எழுத்தாளர் பிரீமோ லேவியின் எண் 174517. டூரினில் அவர் கல்லறையில் பெயரோடு அந்த எண்ணும் இருக்கிறது.

லிதுவேனியாவின் கோவ்னோவில் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவில், யூத மதகுருவான ரபி எப்ராயீம் ஓஷ்ரி, மக்கள் கேட்ட சமயக் கேள்விகளைத் துண்டுத் தாள்களில் குறித்துப் புதைத்து வைத்தார். போர் முடிந்தபின் தோண்டியெடுத்து நூலாக்கினார். அதில் ஒரு பெண்ணின் கேள்வி. ஹிட்லரின் படைக்கான விலைமகள் என்று அவள் உடலில் பச்சை குத்தியிருந்தார்கள். கணவரோடு மீண்டும் சேர்ந்து வாழலாமா? வாழலாம், பச்சையை அழிக்கவும் வேண்டாம், வெட்கப்பட வேண்டியவள் நீ இல்லை, அது கொலைகாரர்களுக்கு எதிரான சாட்சி என்றார் ஓஷ்ரி. பெரிய தீர்ப்புதான். ஆனால் சாட்சியைச் சுமக்கப்போவது அவள் உடல். அழிக்க விரும்பியிருந்தால் அவளை நான் குறைசொல்ல மாட்டேன்.

2012இல் ‘நம்பர்டு’ என்ற இஸ்ரேலிய ஆவணப்படம் வந்தது. தாத்தா பாட்டியின் ஆஷ்விட்ஸ் எண்ணைத் தம் கையில் தாமே குத்திக்கொண்ட இளையவர்கள் அதில் வருகிறார்கள். இவர்கள் உடன்பட்டவர்கள். காரோவின் விதி தாத்தாவை விடுவிக்கும், பேரனை விடுவிக்காது. இறந்தவருக்காகக் கீறாதே, எழுத்துப் பொறிக்காதே என்று வசனம் சேர்த்து விலக்கிய இரண்டும் அவன் கையில் ஒன்றாகியிருக்கின்றன. எந்தத் தெய்வத்துக்கும் அவன் அடிமைப்படவில்லை என்பதால் மைமோனிடிஸ் சொன்ன காரணம் அவனுக்குப் பொருந்தாது. வசனம் பொருந்துகிறது. ரபி அவனைத் தடுக்கத்தான் வேண்டும்; தடுக்கும்போது அவர் குரல் கொஞ்சம் தணிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.