கருவி தமிழுக்கு ஏவல் செய்க!

(கணினி, கைப்பேசி, வலைத்தளம் ஆகியவற்றைக் கையாளும் தமிழன்பர்களுக்கான பயிற்சியரங்கொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவு.)



ஓர் ஊர்ப்புறத் தமிழாசிரியரை எண்ணிப் பாருங்கள். இத்தகையோர் ஊர்தோறும் உளர். உழவர் வாயிலும் நெசவர் வாயிலும் வலைஞர் வாயிலும் வழங்கும் சொற்களை முப்பதாண்டுக் காலம் தாள்தாளாய்த் திரட்டினார். கணினி வந்த புதிதில், அன்று கிடைத்த எழுத்துரு ஒன்றைக் கொண்டு, கண் மங்கும் அளவும் அமர்ந்து அவற்றையெல்லாம் தட்டெழுதி ஒரு தட்டில் பதிந்து வைத்தார். தாள்களைக் கறையான் தின்றது. ஆசிரியரும் மறைந்தார். பின்னாளில் அவர்தம் மக்கள் அத்தட்டைத் திறந்தபோது திரையில் தமிழ் இல்லை. உரோம எழுத்துகளும் குறிகளும் குப்பையெனக் குவிந்து கிடந்தன. சொற்கள் அழியவில்லை, ஆயினும் அவற்றைப் படிப்பார் இல்லை.

இஃது ஒருவர் வீட்டு இழப்பன்று. ஓலையைக் கறையானுக்கும் வெள்ளத்திற்கும் இரையாக்கிய ஓரினம், மின்னெழுத்தையும் அவ்வாறே இழக்கலாமா என்பதே இன்றைய வினா. கருவியைக் கையாளும் சிறுசிறு வழக்கங்களில்தான் அதற்கு விடை உள்ளது. ஆதலின் பெருந்திட்டங்களை விடுத்து, வீட்டிலிருந்தே செய்தற்குரியவற்றை மட்டும் ஈண்டுக் காண்போமாக.

முதற்கண் எழுத்து. ஒருங்குறி பரவுதற்கு முன்னிருந்த தமிழ் எழுத்துருக்கள் உரோம எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்தின் உருவை ஏற்றி வைத்தவை. திரையில் தெரிந்தது தமிழ். கணினி உள்ளே அறிந்ததோ உரோம எழுத்து. ஒவ்வோர் எழுத்துருவாக்குநரும் ஒவ்வொரு வகையில் இடம் வகுத்தமையால், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அதே எழுத்துரு வேண்டியதாயிற்று. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் கொண்ட தனித்தொகுதி அமைந்தது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தராமல் உயிர், அகரமேறிய மெய், துணைக்குறி என்று பகுத்தமை தமிழ் நெடுங்கணக்கிற்கு முழுதும் பொருந்துவதன்று என்னும் குறை அறிஞர்பலர்க்கு உண்டு. தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியையும், எல்லா எழுத்துகட்கும் இடந்தரும் 16 இருமக் குறியேற்றத்தையும் ஏற்று ஆணையிட்டது. எனினும் இன்று உலகின் எல்லாக் கருவிகளிலும் செல்லுவது ஒருங்குறியே.

வீட்டுக் கணினியிலுள்ள பழைய கோப்பு எவ்வகையினது என்று அறிய ஓர் எளிய ஆய்வு உண்டு. எழுத்தைத் தெரிவுசெய்து வேறோர் எழுத்துருவிற்கு மாற்றுக. தமிழ் தமிழாகவே நின்றால் அஃது ஒருங்குறி. உரோமக் குப்பையாக மாறினால் அது பழைய குறியேற்றம். அதனைக் குறிமாற்றி மென்பொருள் கொண்டு இன்றே ஒருங்குறிக்கு மாற்றுக. மாற்றியபின் மூலக்கோப்பை அழித்துவிடலாகாது. அதற்குரிய எழுத்துருவையும் உடன் வைத்துக் காக்க. மாற்றத்தில் ஏதேனும் எழுத்துத் திரிந்திருப்பின் ஒப்புநோக்க அதுவே சான்று.

எளிய எழுத்துக் கோப்பாகப் பதியும்போது குறியேற்றம் ‘யுடிஎப்-8’ என்றிருத்தல் வேண்டும். பழைய விண்டோசு நோட்டுப்பேடு தானாகத் தேர்ந்த குறியேற்றத்தில் தமிழைப் பதிந்தால் எழுத்தெல்லாம் வினாக்குறியாக மாறிவிடும். பின் மீட்பதற்கு வழியே இல்லை. 2019-இற்குப் பிந்திய பதிப்புகளில் இக்குறை நீங்கியது.

மற்றொரு நுட்பம். ‘ஔவை’ என்னும் பெயரை எழுத ஔகார விசையை அழுத்தாமல், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுவார் பலர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ ஒன்று ஓரெழுத்து, மற்றொன்று ஈரெழுத்து. அவ்வாறு எழுதியவன் நூலில் ஔவையைத் தேடினால் ஔவை கிட்டாள். ‘கௌ’, ‘மௌ’ போன்றவற்றிற்கும் இதுவே நெறி. கால் குறிக்கு மாறாக ரகரத்தை இடுதலும் இத்தகைய பிழையே. பிழையின்றி எழுதுவது அழகிற்காக மட்டுமன்று. பின்வருவோன் தேடிக் கண்டடைதற்காகவும் ஆகும்.

இரண்டாவது விசைப்பலகை. தமிழை உரோம எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றிக்கொள்ளும் முறை தொடக்கத்தில் எளிதாகத் தோன்றும். ஆனால் அம்முறையில் பழகும் பிள்ளை ‘அம்மா’வையும் அயலெழுத்தின் வழியாகவே எண்ணிப் பழகுகிறான். 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாக அமைந்த ‘தமிழ்99’ விசைப்பலகையோ தமிழின் இயல்பினின்றே பிறந்தது. உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. ஒரே மெய் இருமுறை வரின் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வரினும் அவ்வாறே. ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. ‘தமிழ்’ என்பதற்குப் புள்ளியோடு ஐந்தே தட்டு. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாகும் இலக்கணத்தை விரல்களே கற்றுக்கொள்கின்றன. நாள்தோறும் அரைமணி நேரம் எனச் சிலகிழமை பயின்றால் கை தானே ஓடும். விண்டோசுக் கணினியில் விண்டோசு விசையையும் இடைவெளி விசையையும் ஒருங்கே அழுத்தினால் ஒரு மொழியின் பலகையிலிருந்து மற்றதற்கு மாறலாம்.

கைப்பேசியில் குறுஞ்செய்தி விடுப்போர் ஒன்றறிக. உரோம எழுத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் இடங்கொள்ளும். தமிழில் 70 மட்டுமே. ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்தே துணைக்குறியும் புள்ளியுமாகச் சேர்ந்து 5 இடம் பிடிக்கும். இதனால் நீண்ட செய்தி பலவாகப் பிரிந்து கட்டணம் கூடலாம். இதற்கு அஞ்சித் தமிழை உரோம எழுத்தில் எழுதுவது முறையன்று. சுருங்கச் சொல்லி விளங்கவைத்தலே முறை. இணையவழிச் செய்திச் செயலிகளில் இத்தடையும் இல்லை.

மூன்றாவது கருவியைப் பேணுதல். கைப்பேசியின் இலித்தியம் மின்கலத்திற்கு வெப்பமே முதற்பகை. வெயிலில் நிற்கும் ஊர்தியினுள்ளும் தலையணைக்கு அடியிலும் மின்னேற்றம் செய்யலாகாது. முற்றும் வடியவிடாமலும் எப்போதும் முழுமையாக நிரப்பி வைக்காமலும், 20 விழுக்காட்டிற்கும் 80 விழுக்காட்டிற்கும் இடையில் வைத்திருப்பின் மின்கலத்தின் வாழ்நாள் நீளும். நீரில் விழுந்த கைப்பேசியை அரிசிப் பானையில் புதைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அரிசியின் நுண்துகள் உட்புகுந்து கேடு செய்யும் என்று ஆப்பிள் நிறுவனமே தன் பயனர்க்கு அறிவுறுத்தியுள்ளது. அணைத்து, நீரை மெல்ல உதறி, காற்றோட்டமுள்ள இடத்தில் உலரவிடுக. முற்றும் உலருமுன் மின்னேற்றாதொழிக.

கைப்பேசியில் விண்மீன் குறி, கட்டக்குறி, 06, கட்டக்குறி ஆகியவற்றை முறையே அழுத்தினால் 15 இலக்க அடையாள எண் திரையில் தோன்றும். அதனை இன்றே ஒரு தாளில் எழுதி வீட்டில் வைக்க. கைப்பேசி களவு போயின், முறையீடு செய்யவும் அக்கருவியை முடக்கவும் அவ்வெண் வேண்டும்.

கடவுச்சொல் நீண்டிருத்தல் வேண்டும். இடந்தோறும் வேறுபட்டிருத்தல் வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பற்ற நாலைந்து சொற்களைக் கோத்தால் நினைவிற்கு எளிது, பிறர்க்கு அரிது. மின்னஞ்சலுக்கும் வைப்பகக் கணக்கிற்கும் ஈரடுக்குச் சரிபார்ப்பை அமைத்துக்கொள்க. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணை எவர் கேட்பினும் சொல்லலாகாது. திருமண அழைப்பிதழ் என்னும் பெயரில் செயலிக்கோப்பு வரும். தொட்டால் வைப்பகப் பணம் போகும். அழைப்பிதழ் படமாக வரும். செயலியாக ஒருபோதும் வாராது. ஏமாந்தோர் நாணி வாளாவிருத்தலே கள்வனுக்கு ஊதியம். இந்தியாவில் 1930 என்னும் எண்ணிற்கு உடனே அழைத்துச் சொன்னால் போன பணத்தை இடைமறிக்க வாய்ப்புண்டு. இவற்றையெல்லாம் இல்லத்து முதியோர்க்கு அவரறிந்த தமிழில் பொறுமையுடன் எடுத்துரைப்பது இளையோர் கடன்.

நான்காவது படியெடுத்தல். ஓலை ஏறத்தாழச் சில நூற்றாண்டிற்குள் நைந்துபோவது. ஆயினும் சங்க நூல்கள் இன்றளவும் கிடைத்ததற்குக் கரணியம், தலைமுறைதோறும் ஒருவர் அமர்ந்து பழைய ஓலையைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதியதே. படியெடுத்த கைகளே தமிழைக் காத்தன. ஓரிடத்தில் மட்டும் இருந்தவற்றின் முடிவு யாதென்பதை 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது தமிழுலகம் கண்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாதவை மீளவே இல்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டமும் பழந்தமிழ் நூல்களையும் ஈழத்து ஏடுகளையும் மின்வடிவில் உலகெங்கும் பரப்பி வைத்தமையின் அருமை இதனால் விளங்கும்.

வீட்டிலும் இந்நெறியே வேண்டும். எப்பொருளுக்கும் மூன்று படி இருக்க. அவை இருவேறு வகைக் கருவிகளில் இருக்க. அவற்றுள் ஒன்று வேற்றூரில் அல்லது இணையச் சேமகத்தில் இருக்க. ஒரே கணினியில் இரண்டு உறைகளில் வைப்பது இரண்டு படியாகாது. கணினி கெட்டால் இரண்டும் கெடும். திங்களுக்கு ஒருநாளைக் குறித்துக்கொண்டு படியெடுக்க. எடுத்த படி திறக்கிறதா என்று பார்க்க. திறந்து பாராத படி இல்லாத படியே. கோப்பிற்குப் பெயரிடும்போது ஆண்டு, திங்கள், நாள் என்னும் வரிசையில் எண்ணை முன்வைத்தால் அவை தாமே காலமுறையில் அடுக்கிநிற்கும்.

ஐந்தாவது வலைத்தளம். பிறர் தரும் விலையில்லா இடத்தில் வலைப்பக்கம் அமைப்பது குடிக்கூலி இன்றி அயலான் திண்ணையில் குடியிருப்பதை ஒக்கும். கதவைச் சாத்தும் உரிமை அவனுடையது. 1990-களில் பெரும்புகழ் பெற்றிருந்த சியோசிட்டீசு தளத்தை யாகூ நிறுவனம் 1999-இல் வாங்கி, 2009 அத்தோபரில் மூடியது. அங்கிருந்த தமிழ்ப் பக்கங்களும் ஏனைய பக்கங்களோடு மறைந்தன. மைசுபேசு தளம், 2016-இற்கு முன் மக்கள் ஏற்றிய பாடல்களையும் படங்களையும் இடமாற்றத்தின்போது இழந்துவிட்டதாக 2019-இல் தெரியவந்தது. ஈராண்டு தொடாது கிடக்கும் தனியர் கணக்குகளை நீக்கும் நெறியைக் கூகிள் 2023-இல் அறிவித்தது.

ஆகலின், இயன்றவர் தம் பெயரில் ஒரு களப்பெயரைப் பதிவு செய்துகொள்க. ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று தமிழெழுத்திலேயே முடியும் களப்பெயர்கள் இன்று உள. புதுப்பிக்கும் நாளை மறவாது குறித்து வைக்க. மறந்தால் பெயர் பிறர் கைக்குப் போகும். தளத்தில் எழுதுவதை முதலில் தம் கணினியில் எழுதிப் பதிந்தபின் ஏற்றுக. பக்கத்தின் தலைப்பகுதியில் குறியேற்றம் இன்னது, மொழி தமிழ் என்று குறிப்பிடுக. அப்போதுதான் தேடுபொறியும் பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் மென்பொருளும் அதனைத் தமிழென அறியும். பாடலையும் கட்டுரையையும் படமாக்கி ஏற்றுவது அழகாகத் தோன்றலாம். ஆயின் படத்திலுள்ள எழுத்து பலருக்குத் தேடவும் கிட்டாது, கேட்கவும் கிட்டாது. கைப்பேசியில் படிப்போரே மிகுதி ஆதலின் படங்களின் அளவைக் குறைத்துப் பக்கத்தை இலேசாக்குக. 1996-இல் நிறுவப்பெற்ற இணைய ஆவணக் காப்பகத்தில் பக்கத்தின் முகவரியை இட்டால் அதன் படியொன்றை அது பதிந்து வைக்கும். இது கட்டணமில்லாப் பணி.

இறுதியாக, மின்னஞ்சல், வலைத்தளம், இணையச் சேமகம் ஆகியவற்றின் பெயர்களையும், அவற்றைத் திறக்கும் வழியையும் ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைக்க. நிலத்திற்கு ஆவணம் எழுதிவைப்போர் நெஞ்சுழைப்பிற்கு எழுதிவையாதது ஏன்?

அவையோரே! அவ்வூர்ப்புற ஆசிரியரின் தட்டு இன்னும் பயனற்றுப் போகவில்லை. அவர் பெயர்த்தி ஒருத்தி அக்குப்பையைக் கண்டு வீசி எறியாமல், ‘இது பழைய எழுத்துரு’ என்று அறிந்தால் போதும். உரிய எழுத்துருவைத் தேடி, குறிமாற்றியில் இட்டு, ஒருமாலைப் பொழுதில் முப்பதாண்டு உழைப்பைத் திரையில் தமிழாக எழுப்பிவிடுவாள். ஏர்ச்சொல்லும் தறிச்சொல்லும் வலைச்சொல்லும் மீண்டும் பேசும். அவள் அறிதற்கு வேண்டியது பெரும்பட்டமன்று. இன்று ஈண்டுச் சொல்லப்பெற்ற சின்னஞ்சிறு செய்திகளே.

இவ்வரங்கினின்று வீடு திரும்பும் ஒவ்வொருவரும் இன்றிரவே ஒரு பழைய கோப்பைத் திறந்து பார்ப்பாராக. தமிழ் தெரிகின்றதா என்று காண்பாராக. தெரியாவிடின் மாற்றுவாராக, தெரியின் படியெடுப்பாராக. கருவி எவர் ஆக்கியதாயினும் ஆகுக. அது தமிழுக்கு ஏவல் செய்க!