இரண்டு கையுறைகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பண்டிகைக் காலத்தில் நடைபெறும் விழா ஆதலால் அதற்கேற்ற எளிய பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் கேட்டுக்கொண்டார். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் கிறிஸ்துமஸ் நாளன்று வீட்டுக்கு வீடு செல்லும் கைப்பலகாரத்தையே நான் எடுத்துக்கொண்டேன். முறுக்கும் அதிரசமும் இலக்கிய மேடைக்கு உரியனவா என்று சிலர் நினைக்கலாம். நினைப்பவர்கள் என் உரை முடியும்வரை பொறுத்தருள வேண்டும்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். அச்சொல் ‘கையுறை’. இன்று மாணவர்களிடம் கையுறை என்றால் கையில் மாட்டிக்கொள்ளும் உறையைத்தான் சொல்வார்கள். பழந்தமிழில் அது வேறு. ஒருவரைக் காணச் செல்பவர் கையில் கொண்டு செல்லும் அன்புப் பொருளே கையுறை. தலைவன் தலைவிக்குக் கொண்டுவரும் தழையும் மலரும் கையுறை. கோயிலுக்கும், குழந்தை உள்ள வீட்டுக்கும், நோயாளி இருக்கும் இடத்துக்கும் வெறுங்கையோடு போகாதே என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அந்த வழக்கத்துக்குப் புலவர்கள் வைத்திருந்த பெயர் இது. தொட்டுக் கொடுப்பதும் கையுறை. தொடாமல் இருப்பதற்கு அணிந்துகொள்வதும் கையுறை. இந்த இரண்டு கையுறைகளுக்கும் இடையில் நம் ஊர்களின் கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லவே வந்தேன்.

கரிசலுக்குக் கிறிஸ்துமஸ் புதிதன்று. நமக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரமாமுனிவர் தங்கிப் பணியாற்றினார். பின்னாளில் தேம்பாவணி பாடிய அவர், காப்பிய மரபையொட்டி யூதேய நாட்டை நீர்வளம் கொழிக்கும் மருத நிலமாகவே புனைந்தார். நம் கரிசல் அப்படிப்பட்டதன்று. வடகிழக்குப் பருவமழை பொய்க்காதிருந்தால் மார்கழியில் பருத்தி பூத்திருக்கும். கம்பும் சோளமும் கதிர் பிடித்திருக்கும். பாசியும் உளுந்தும் காய் முற்றும். அறுவடை இன்னும் வீடு வந்து சேர்ந்திராது. கையில் காசு குறைவாகவும் கண்ணில் நம்பிக்கை மிகுதியாகவும் இருக்கும் பருவம் அது. வாழ்த்து அட்டைகளில் உறைபனி பெய்கிறது. நம் பனியோ விடியற்காலையில் பருத்தி இலையில் துளியாக நிற்கும் பனி. அந்தப் பனியில்தான் ஒரு பக்கம் திருப்பாவை ஒலிக்கும். மறுபக்கம் இரவெல்லாம் கீதப் பவனி சென்று வந்தவர்கள் தொண்டை கட்டி வீடு திரும்புவார்கள். மூங்கிற் சிம்பைக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்த விண்மீன் கூரை முகட்டில் ஆடிக்கொண்டிருக்கும்.

இக்காலத்தின் தலைமைப் பலகாரம் முந்திரிக்கொத்து. வெளியூர் நண்பர்கள் இதில் முந்திரிப் பருப்பைத் தேடி ஏமாறுவதுண்டு. பாசிப்பயற்றை மணம் வர வறுத்துத் திரித்து, வெல்லப் பாகில் தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலமும் சேர்த்துப் பிசைந்து, சிறு உருண்டைகளாகப் பிடித்து, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து, மூன்று மூன்றாக எண்ணெயில் விட்டு எடுப்பார்கள். ஒன்றோடொன்று ஒட்டி வருவதால் அது கொத்து. முந்திரி என்னும் சொல்லுக்குக் கொடிமுந்திரியாகிய திராட்சை என்னும் பொருளும் உண்டு. பாகு பதமாக அமைந்தால் இரண்டு வாரமானாலும் கெடாது. பயறு விளையும் மண்ணுக்குப் பொருத்தமான பலகாரம். நெடுவழி நடந்து உறவினரைக் காணச் செல்பவருக்கும் பொருத்தமான பலகாரம்.

அடுத்தது அச்சு முறுக்கு. பூவடிவில் வார்த்த இரும்பு அச்சு எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. தெருவில் ஒருவரிடம் இருந்தால் போதும். கிறிஸ்துமசுக்கு முந்திய வாரம் முழுவதும் அது வீடுவீடாக உலா வரும். அச்சு நன்றாகக் காய்ந்தால்தான் மாவு பிடிக்கும். காயாத அச்சில் மாவு வழுக்கிவிடும். அந்த மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம். ஆனால் எங்கள் ஊரில் ஒரு நுட்பம் கண்டிருக்கிறேன். முட்டை ஊற்றுவதற்கு முன்பே கொஞ்சம் மாவைத் தனியே எடுத்து, புது எண்ணெயில் முதல் ஈடாகச் சுட்டு, வேறு ஓலைப்பெட்டியில் வைத்துவிடுவார்கள். முட்டை உண்ணாத பக்கத்து வீட்டுக்கு அது. முதல் ஈடு தங்கள் பிள்ளைகளுக்கன்று. தங்கள் நோன்பை நோற்காத, தங்கள் கோயிலுக்கு வராத ஒரு வீட்டுக்கு. கேளாமலே பிறர் நாவின் எல்லையை அறிந்து நடக்கும் இந்தப் பண்பை எந்த அறநூலின் எந்த அதிகாரத்தில் வைப்பது என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

இதுவரை கொடுத்தலைச் சொன்னேன். இனி ஏற்றலைச் சொல்ல வேண்டும். இனிப்பான செய்தி மட்டும் இதில் இல்லை.

கிறிஸ்துமஸ் காலையில் எங்கள் ஊர்க் கீழத்தெருவிலிருந்து இரண்டு வகைத் தட்டுகள் புறப்படும். ஒன்றில் அதிரசமும் முறுக்கும் முந்திரிக்கொத்தும் இருக்கும். மற்றொன்றில் ஒரு சீப்பு வாழைப்பழமும் சர்க்கரைப் பொட்டலமும் வெற்றிலை பாக்கும் இருக்கும். எந்தத் தட்டு எந்த வீட்டுக்கு என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். சில வீடுகள் கீழத்தெருவின் அடுப்பில் வெந்த பண்டத்தை ஏற்கா. தோல் உரிக்காத பழத்துக்குத் தீட்டில்லை. கடையில் கட்டிய சர்க்கரைக்குச் சாதியில்லை. ஆகவே கொடுப்பவர்களே முன்கூட்டி அறிந்து, மறுக்கப்படும் இழிவிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ளப் பழத்தைக் கொடுத்தார்கள். வாங்கியவர்களும் முகம் மலர வாங்கினார்கள். பார்ப்பவருக்கு மத நல்லிணக்கத்தின் அழகிய காட்சி. உண்மையில் அந்தப் பழம் இரண்டாம் வகைக் கையுறை. கை கையைத் தொடாமல் இருக்க இடையில் போட்ட உறை.

எங்கள் வீட்டுக்கும் ஆண்டுதோறும் பழந்தான் வந்தது. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஓராண்டில், பருத்தி எடுப்பில் என் தாயோடு ஒரே நிரையில் நின்றவர் பழச்சீப்போடு வந்தார். என் தாய் அதை வாங்கவில்லை. “என்னக்கா, வருசா வருசம் பழந்தானா? நீ சுட்டது எங்களுக்குக் கிடையாதா?” என்றார். வந்தவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். “நீங்க திங்க மாட்டீகன்னுதாம்மா…” என்று இழுத்தார். பிறகு விறுவிறுவென்று போனவர் ஓலைக் கொட்டான் நிறைய முந்திரிக்கொத்தோடு திரும்பி வந்தார். என் தாய் வாசலிலேயே ஒன்றை எடுத்து, அவர் பார்க்கக் கடித்தார். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் அதற்குப் பின் இரண்டு நாள் என் தாயிடம் பேசவில்லை. எழுத்தறியாத அந்தப் பெண் அன்று செய்தது எத்துணைப் பெரிய செயல் என்பதை, முனைவர் பட்டத்துக்கு ஏடுகளைப் புரட்டிய காலத்தில்தான் முழுமையாக உணர்ந்தேன்.

அகப்பாடல்களில் கையுறை கொடுப்பதற்கு இருக்கும் இடம், கையுறை மறுப்பதற்கும் இருக்கிறது. குறுந்தொகையின் முதற்பாட்டே அதுதான். தலைவன் காந்தட் பூவைக் கொண்டுவருகிறான். எங்கள் மலையிலேயே காந்தள் நிறைய உண்டு என்று தோழி குறிப்பாக மறுக்கிறாள். திப்புத்தோளார் பாடிய அப்பாட்டுக்குக் ‘கையுறை மறுத்தது’ என்றே துறை வகுத்தார்கள். ஏன் இவ்வளவு கவனம்? பூவின் விலையிலோ அழகிலோ சிக்கல் இல்லை. ஏற்றுக்கொண்டால் உறவு தொடங்கிவிடும் என்பதைத் தோழி அறிவாள். பொருளை ஏற்பது கொடுப்பவரை ஏற்பதாகும் என்ற இந்த அறிவு பழையது. நம் ஊர்ப் பெருவீடுகளுக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் பழத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். கொடுப்பவரின் பெருந்தன்மையை நாம் நிறையப் பாடிவிட்டோம். ஏற்பவரின் துணிவைப் பற்றிக் கவிஞர்களே, இன்னும் பாடவேண்டியது மிகுதி.

ஏற்றலுக்குப் பின் திருப்புதல். பலகாரம் வந்த பெட்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது நம் பெண்களின் சட்டம். ஒரு கைப்பிடிப் பயறு, நாலு அவரைக்காய், கொஞ்சம் மிளகாய் வற்றல், ஒன்றுமில்லையென்றால் ஒரு சிட்டிகைச் சர்க்கரையாவது உள்ளே கிடக்கும். ஈகை அதிகாரத்தின் முதற்குறளில் வள்ளுவர் வறியவர்க்குக் கொடுப்பதை மட்டுமே ஈகை என்கிறார். பிறவற்றைக் ‘குறியெதிர்ப்பை’ என்று ஒதுக்குகிறார். அளந்து வாங்கி அதே அளவில் திருப்புவது குறியெதிர்ப்பை. அப்படியானால் நம் ஓலைப்பெட்டி எந்த வகை? வறியவர்க்கு இட்டதன்று, ஆகவே ஈகையாகாது. வந்த பெட்டியில் அதிரசம் இருபது இருந்தால் திரும்பும் பெட்டியில் அதிரசம் இருபது வைப்பதில்லை. ஆகவே குறியெதிர்ப்பையும் ஆகாது. சரிசமமாகத் திருப்பினால் கணக்குத் தீர்ந்துவிடும். கணக்குத் தீரக்கூடாது என்பதற்காகவே வேறொரு பொருளை, வேறோர் அளவில் வைக்கிறார்கள். தீபாவளிக்குப் போன பெட்டி கிறிஸ்துமசுக்கு வரும். கிறிஸ்துமசுக்கு வந்தது பொங்கலுக்குப் பனங்கிழங்கோடு போகும். தீராத கடனுக்கு அண்டை என்று பெயர்.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் விடுபட்டுப் போகிறவர்களையும் நினைக்க வேண்டும். நம் இடைசெவல் தந்த கு. அழகிரிசாமியை (1923-1970) இங்கே மறக்க இயலாது. அவருக்கு 1970-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத்தந்த தொகுப்பின் பெயரே ‘அன்பளிப்பு’. அப்பெயருடைய கதையில் வேறு சில குழந்தைகளுக்கு நாட்குறிப்பேடு கிடைக்கிறது. சாரங்கன் என்னும் சிறுவனுக்குக் கிடைக்கவில்லை. அவன் தானே ஒன்றைக் கொண்டுவந்து, அதில் தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தருமாறு கேட்கிறான். பொருள் அவனுக்குக் கிடைத்துவிட்டது. கொடுத்த கை மட்டுமே கிடைக்கவில்லை. அதை அவன் கேட்டு வாங்குகிறான். வாசற்படியில் என் தாய் கேட்டதும் அந்தக் கையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பண்டிகை நாளில் எந்தத் தட்டும் வராத வாசல் ஒவ்வொரு தெருவிலும் ஒன்றிரண்டு உண்டு. தனித்திருக்கும் முதியவர், வெளியூரிலிருந்து தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு வந்து குடியேறிய குடும்பம், சண்டையிட்டுப் பிரிந்த உறவு. நம் பட்டியலில் இல்லாதவரின் பெயரே அன்றைக்கு முதலில் எழுதப்பட வேண்டியது.

காலம் மாறிவிட்டதே, யார் இன்று மாவு இடிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா அதற்கு முந்திய ஆண்டே பெற்றது. இவை நம் பெருமைகள். உறவினர் வீட்டுக்குப் போகும்போது நானும் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடுதான் பேருந்தில் ஏறுகிறேன். ஆனால் கடைப் பண்டத்துக்கு ஊரின் பெயர் உண்டு. சுட்ட கையின் பெயர் இல்லை. சர்க்கரைப் பொட்டலத்தைப் போலவே அதையும் எந்தத் தயக்கமும் இன்றி எவரும் வாங்கிக்கொள்ளலாம். அந்த வசதி நன்மையா, தப்பித்தலா என்பதை அவரவர் மனம் அறியும். மற்றொன்றும் சொல்ல வேண்டும். கைப்பலகாரத்தைப் போற்றிக் கவிதை எழுதும் ஆடவர்கள் பலர் அந்த அடுப்பின்முன் ஒரு நாழிகையும் உட்கார்ந்ததில்லை. அதிரச மாவு பிசைந்த மணிக்கட்டின் வலி, பகலெல்லாம் தீக்குச்சி அடுக்கிவிட்டு வந்து இரவில் எண்ணெய்ச் சட்டியின்முன் நிற்கும் பெண்ணின் முதுகுவலி இவற்றையும் சேர்த்தே அந்த இனிப்பு இனிக்கிறது. கையுறை பலகாரமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரு கறிவேப்பிலைக் கன்று, நீங்களே தைத்த ஒரு துணிப்பை, உங்கள் கையெழுத்தில் எழுதிய ஒரு கடிதம் எதுவும் ஆகலாம். பலகாரந்தான் என்றால், உருண்டை பிடிக்க வீட்டு ஆண்களும் உட்காரட்டும்.

நிறைவாக இவ்வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். பத்தாண்டுகளாகச் சிறப்பு விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்தி வருகிறோம். அவர்கள் வீட்டு அலமாரிகளில் அவை மடிப்புக் கலையாமல் அடுக்கப்பட்டிருக்கும். பதினோராம் ஆண்டிலிருந்து, உறுப்பினர் ஒருவர் தம் கையால் செய்த ஒன்றைக் கொடுப்போம். மார்கழிக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பண்டம் ஒன்றைக் கொண்டுவருவோம். எல்லாப் பண்டத்தையும் ஒரே பாயில் வைத்து, யார் வீட்டுடையது என்று பெயர் சொல்லி உண்போம். பெயர் சொல்லி உண்பது இன்றியமையாதது. அதைச் சொல்லாவிட்டால் மீண்டும் பழச்சீப்பாகிவிடும்.

வாயிலருகே ஓர் ஓலைப்பெட்டியில் முந்திரிக்கொத்து வைத்திருக்கிறேன். நானும் என் கணவரும் பிடித்தவை. சில உருண்டைகள் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முட்டை சேராதது. பெட்டியை மட்டும் வெறுமையாகத் திருப்பாதீர்கள். கவிஞர்கள் நிறைந்த அவை இது. ஒரு தாளில் நாலு வரியாவது எழுதிப் போடுங்கள்.