அனுமதி போதாது, துணை வேண்டும்



மே 12ஆம் நாள் உலகச் செவிலியர் தினம். 1820ஆம் ஆண்டு அந்நாளில் பிறந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் நினைவாக அது கொண்டாடப்படுகிறது. மருத்துவமனைகளில் அன்று விளக்கேற்றுவார்கள், கேக் வெட்டுவார்கள். நல்லதுதான். ஆனால் பணி முடிந்து அந்தச் சகோதரி வீடு திரும்பும்போது அங்கே அவருக்கு என்ன காத்திருக்கிறது என்று இன்று சற்றுச் சிந்திப்போம்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் காலை நேரத்தில் நின்று பாருங்கள். நைட் டூட்டி முடித்த செவிலியர்கள் நத்தத்துக்கும் வேடசந்தூருக்கும் சின்னாளபட்டிக்கும் பேருந்து ஏறுவார்கள். இரவெல்லாம் நின்ற கால்கள் அவை. ஒருவருடைய வீட்டில் போட்டது போட்டபடி பாத்திரங்கள் கிடக்கும்; "இன்னும் சோறு வைக்கலையா?" என்ற கேள்வி வாசலிலேயே வரும். இன்னொருவருடைய வீட்டில் கணவர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சோறும் வடித்து வைத்து, "சாப்பிட்டுட்டுப் படு, போனை நான் எடுத்துக்கிறேன்" என்பார். இருவருக்கும் ஒரே வார்டு, ஒரே சம்பளம். ஆனால் முதலாமவர், "இந்த வேலையே வேண்டாம்" என்கிறார். இரண்டாமவர் மறுநாள் மனநிறைவோடு பணிக்குச் செல்கிறார். வீட்டுக்கும் வேலைக்கும் இடையே இழுபறி கூடக்கூட, செவிலியரின் பணி மனநிறைவு குறைகிறது என்பதையே ஆய்வாளர்களும் எடுத்துச் சொல்கிறார்கள்.

நம் ஊருக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. காந்திகிராமத்தை நிறுவிய மருத்துவர் சௌந்தரம் அம்மையாரை அறிவீர்கள். அவருடைய முதல் கணவரும் மருத்துவரே, இளமையிலேயே காலமானார். தமக்குப் பின் மனைவி படிக்க வேண்டும், மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அம்மையார் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936இல் பட்டம் பெற்றார். 1940இல் ஜி. இராமச்சந்திரன் அவர்களை மணந்தார். 1947இல் இருவரும் இணைந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனையில் இன்றும் தாய்மார்கள் பிள்ளை பெற்றுச் செல்கிறார்கள். மனைவியின் பணியைத் தம் பணியாகவே கருதிய ஒருவர் உடன் நின்றார் என்பதை மறக்கக் கூடாது.

நம்மில் பலர், "என் மனைவி வேலைக்குப் போக நான் தடை சொன்னதே இல்லை" என்று பெருமையாகச் சொல்கிறோம். அன்பர்களே, அது அனுமதி. துணை என்பது வேறு. சம்பளத்தை மட்டும் வரவேற்று, களைப்பைக் கண்டுகொள்ளாதிருப்பது துணை அல்ல. வார்டில் ஒரு குழந்தை இறந்துபோன நாளில், அதை அவர் சொல்லி அழ வேண்டுமே, கேட்க ஆள் வேண்டுமே! உறவினர் யாராவது, "ராத்திரி வேலைக்கு எதுக்குப் பொம்பளையை அனுப்புறே?" என்று கேட்டால், மனைவி எதிரிலேயே கணவர் மதிப்போடு பதில் சொல்ல வேண்டும். ஆண் செவிலியரின் மனைவிக்கும் இதே கடமை உண்டு.

நம் மறைமாவட்டப் பேராலயத்தின் பாதுகாவலர் புனித வளனார். கனவில் இறைத்தூதர் சொன்னதும், விடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. இரவிலேயே எழுந்து, குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார். அவர் பேசியதாக நற்செய்தியில் ஒரு சொல்கூட இல்லை. அவர் செய்தது மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கணவர் எவ்வளவு துணை நின்றாலும், குறைந்த சம்பளத்தையும் ஆள் பற்றாக்குறையையும் அது ஈடுகட்டாது. நியாயமான ஊதியமும் ஓய்வும் தருவது மருத்துவமனைகளை நடத்துவோரின் கடமை. பங்கு மக்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. ஞாயிறு திருப்பலியில் ஒரு செவிலியரைக் காணவில்லை என்றால் குறை பேசாதீர்கள். அந்நேரம் அவர் யாருடைய தாய்க்கோ மருந்து கொடுத்துக்கொண்டிருக்கலாம். அன்பியக் கூட்டத்தை அவருடைய டூட்டி நேரம் கேட்டு வையுங்கள். அவருடைய பிள்ளைகளையும் உங்கள் பிள்ளைகளோடு மறைக்கல்விக்கு அழைத்து வாருங்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு காலை, நைட் டூட்டி முடித்து வருபவருக்கு நீங்களே காபி போட்டுக் கொடுங்கள். "ராத்திரி எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை அருகில் அமருங்கள்.

புனித வளனாரின் பரிந்துரையால் இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.