மஞ்சள் வயரும் சிவப்பு வயரும்: அப்பா காரில் நான் போட்ட ஹாட்ஃபிக்ஸ்

இன்னைக்கு கோடிங் பத்தி இல்ல, அப்பாவோட பழைய கார் பத்தி. அதுல ஒரு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவை நானே மாட்டினேன். இன்ஜினியரிங் படிச்சிருக்கோம், கடைக்காரருக்கு எதுக்குக் கூலின்னு ஒரு திமிர்.

ஸ்டீரியோவுக்குப் பின்னாடி மூணு வயர் முக்கியம். கருப்பு, எர்த். மஞ்சளுக்கு எப்பவும் 12 வோல்ட் வரணும். கடிகாரம், செட்டிங்ஸ் எல்லாம் அந்தக் கரன்ட்லதான் நிக்கும். சிவப்புக்குச் சாவி திருப்பினா மட்டும் வரணும். "எழுந்திரு"ன்னு செட்டுக்குச் சொல்றது அதுதான்.

நான் மஞ்சளையும் சாவி லைன்லயே குடுத்துட்டேன். வண்டியை அணைச்சா செட்டிங்ஸ் காலி. சரி பண்றேன்னு ரெண்டு வயரையும் சேர்த்து முறுக்கி, நேரா பேட்டரி லைன்ல குடுத்தேன். செட்டிங்ஸ் போகல. "இறங்கும்போது பட்டனை அமுக்கி ஸ்க்ரீனை ஆஃப் பண்ணிடுங்கப்பா, போதும்"னு சொல்லிட்டேன். ஸ்க்ரீன்தான் இருட்டு, உள்ள செட் முழிச்சேதான் இருந்திருக்கு.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், காலையில ஆறு மணிக்குக் கிளம்பணும். செல்ஃப் எடுக்கல. டிக் டிக்னு சத்தம் மட்டும். ஆட்டோ பிடிச்சு ஓடினோம். "பேட்டரிக்கு நாலு வருஷம் ஆச்சுப்பா, செத்துடுச்சு"ன்னு தீர்ப்பு சொன்னது நான்தான். அப்பா புதுசு வாங்கிப் போட்டார். மூணு நாள் வண்டியை எடுக்கல, அதுவும் படுத்துருச்சு.

அப்பதான் வெக்கமா இருந்துச்சு. பேட்டரியை சார்ஜ் ஏத்திட்டு, மைனஸ் கேபிளைக் கழட்டி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவுல மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சுல வச்சேன். இந்த நேரத்துல சாவியை மட்டும் திருப்பிடாதீங்க. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும், மீட்டர் ஃபியூஸ் போயிடும். கதவை மூடி, அரை மணி நேரம் காத்திருந்தேன். வண்டியில மத்ததெல்லாம் தூங்கணும்ல.

மீட்டர் 0.4 ஆம்பியர் காட்டுச்சு. நிக்கிற வண்டியில 0.05-க்குள்ள இருக்கணும். கணக்குப் போடுங்க: ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர் அவர். மூணு நாள்ல கிட்டத்தட்ட 29. பேட்டரியோட மொத்த கொள்ளளவே 35! ஃபியூஸை ஒவ்வொண்ணா பிடுங்கினேன். ஆடியோ ஃபியூஸ் வெளிய வந்ததும் 0.02.

சிவப்பைப் பிரிச்சு, சாவி லைன்ல குடுத்து, சால்டர் வச்சேன். பத்து நிமிஷ வேலை. பாட்டு போட்டா ஆக்ஸிலரேட்டர் கூடவே ஏறுற ஒரு 'ஊஊ' சத்தமும் இருந்துச்சு. கருப்பு வயரை பெயின்ட் மேல முடுக்கியிருந்தேன். சுரண்டி, வெறும் இரும்புல முடுக்கினதும் நின்னுச்சு.

அன்னைக்கு ராத்திரி அப்பாகிட்ட சொன்னேன், பழைய பேட்டரி சாகவே இல்ல, நான்தான் காலி பண்ணினேன்னு. அவர் திட்டல. கொஞ்ச நேரம் கழிச்சு, "அதை எக்ஸ்சேஞ்சுல குடுத்தாச்சேடா"ன்னார்.