வாங்கிய பொறியும் பயின்ற கையும்



அயலான் பொறியை விலைகொடுத்து வாங்கிவிட்டு, வளர்ந்துவிட்டோமென்று இறுமாந்திருக்கும் நாடுகள் பல. பொறி பழுதுற்றால் விற்றவனையே அழைத்தாக வேண்டும். அவன் கேட்டதே கூலி!

தென்கொரியத்தைக் காண்க. 1968-இல் அந்நாடு போகாங்குக் கடற்கரையில் எஃகாலை நிறுவ முனைந்தது. போதிய இரும்புக் கனியமில்லை, உலைக்கேற்ற கரியுமில்லை. மேலைநாடுகள் கடன் மறுத்தன. உலக வங்கியும் உடன்படவில்லை. 1965 உடன்படிக்கைப்படி, தன்னை முன்னர் அடக்கியாண்ட சப்பான் தந்த பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டே ஆலையை எழுப்பி, 1973-இல் எஃகு வார்த்தது. இதனினும் பெரிது ஒன்றுண்டு. உலை எரியுமுன்னரே கொரியத் தொழிலாளரும் பொறிஞரும் சப்பானிய ஆலைகளுக்குச் சென்று தொழில் பயின்றனர். விரிவாக்கந்தோறும் அயலார் பங்கு சுருங்கிற்று. குவாங்யாங்கில் இரண்டாம் ஆலைக்குத் திட்டமிட்டபோது, கற்பித்த சப்பானியரே போட்டிக்கு அஞ்சிக் கைவிரித்தனர். கொரியரோ ஐரோப்பாவிலிருந்து பொறிகளைத் தருவித்து, 1987-இல் அதனையும் இயக்கிக் காட்டினர்!

பாக்கு சுங்கீயின் வல்லாட்சி தொழிலாளரை ஒடுக்கியதை எவரும் போற்ற வேண்டா. ஆனால் 1966-இலேயே அறிவியல் தொழில்நுட்ப ஆய்வகம் கண்டு, வெளிநாடுகளிலிருந்த தம் அறிஞரை மீட்டழைத்தது அவ்வரசு. 1986-இல் எஃகாலை நிறுவனமே போகாங்கில் பல்கலைக்கழகமும் எழுப்பிற்று.